வதந்திக்குப் பூட்டா, வயிற்றுக்கா?

2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போராட்டம். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலியானார்கள். உடனே தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இன்டர்நெட்டை நிறுத்தியது அரசு. வதந்தி பரவுமாம்!

ராஜபாளையத்தில் பஸ் ஏறி சேத்தூர் தாண்டினால் சிவகிரி. அன்று அது நெல்லை மாவட்டம். அதனால் சிவகிரிக்கும் தடை! தூத்துக்குடி எங்கே, சிவகிரி எங்கே?

நாளை இதே உத்தரவு ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வரலாம். பால்கோவா கடையில் இன்று கல்லாப்பெட்டியோடு கியூ.ஆர். அட்டையும் அல்லவா காசு வாங்குகிறது? நெட் போனால் பாதி வியாபாரம் படுத்துவிடும். சம்பளப் பணம் பாங்கியில் இருந்தும் கையில் டீக்குக் காசிருக்காது.

காலவரம்பில்லாமல் நெட்டை முடக்கக்கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆனால் 2024-ல் வந்த மத்திய அரசு விதிகள் ஓர் உத்தரவுக்கு 15 நாள் வரை இடம் கொடுக்கின்றன. 15 நாள்! சின்னக் கடைக்காரர் தாங்குவாரா?

உத்தரவை வெப்சைட்டில் போடுவார்களாம். நெட்டே இல்லாத ஊரில் வெப்சைட்டை எப்படிப் பார்ப்பதாம்? எந்த ஊர், எத்தனை மணி நேரம், என்ன காரணம் என்று அச்சடித்து, முடக்கும் முன்பே தாலுகா ஆபீசிலும் பஸ் நிலையத்திலும் ஒட்டட்டும்.