கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பசறை, ஹாலிஎல, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் தோட்டங்களில் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

2025 நடுப்பகுதியில் எங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் தாய் பாடசாலை கேட்டுக்கு வந்து நின்றார். கொழுந்து எடுப்பவர். சீட்டு எடுத்த காசில் முற்பணம் கட்டி, மிச்சம் தவணைக்கு என்று பதுளையில் ஒரு கடையில் 32 அங்குல டிவி வாங்கியிருக்கிறார். எல்லாம் சேர்த்து 54,000 ரூபா. அவருடைய முறைப்பாடு இதுதான்: "சார், புதுப் பெட்டியத் தொறந்தா சாம்பிராணி வாசம் அடிக்குது சார்."

உண்மையைச் சொன்னால் முதலில் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் மூன்று பேர், ஒரே ஸ்டாஃப் ரூம். அதில் ஒருவர் விஞ்ஞான ஆசிரியர், அயலில் ரேடியோ முதல் ரைஸ் குக்கர் வரை திருத்துபவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை போய்ப் பார்ப்போம்" என்றார்.

கடை லொறி மேல் ரோட்டில் நின்றுவிட்டதாம். லயத்துக்குப் படிக்கட்டுத்தான், அதனால் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் தோளில் வைத்து இறக்கியிருக்கிறார்கள். பெட்டியை லொறியிலிருந்து இறக்க முதலே கடைப் பையன் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டான். தாள் ஆங்கிலத்தில், கீழே கையால் எழுதியது சிங்களத்தில். பொருள் நல்ல நிலையில் கிடைத்தது என்பதுதான் அதில் இருந்தது. அந்தத் தாய்க்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும். தமிழில் அந்தத் தாளில் இருந்தது அவருடைய கையெழுத்து மட்டும்தான்.

பெட்டியில் டேப் இரண்டு தட்டாக இருந்தது. அடியில் இருந்த பழைய டேப்பை உரித்த இடத்தில் அட்டையின் மேல்தோலும் சேர்ந்து போயிருந்தது. ரிமோட்டுக்குள் பேட்டரி ஏற்கனவே போட்டிருந்தது. கால் பூட்டும் ஆணிகளின் பொலித்தீன் பை வெட்டப்பட்டிருந்தது. டிவியைப் போட்டோம். புது செட் என்றால் முதலில் என்ன மொழி, எந்த நாடு என்று கேட்கும். இது ஒன்றும் கேட்கவில்லை. நேரே படம் வந்தது, மெனு சிங்களத்தில், சேனல்கள் எல்லாம் தேடி வைத்தபடி. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் வைஃபை பக்கத்தைத் திறந்தார். அந்த லயத்தில் யாருக்கும் வைஃபை கிடையாது. ஆனால் செட்டுக்குள் ஒரு வீட்டு இணைப்பின் பெயர் சேமித்துக் கிடந்தது. அதற்குமேல் நாங்கள் ஆராயத் தேவையிருக்கவில்லை. பெட்டியில் இருந்த சீரியல் இலக்கத்தையும் செட்டின் முதுகில் இருந்ததையும் ஒப்பிட்டோம். கடைசி நான்கு இலக்கமும் வேறு.

இன்னொரு விஷயத்தை அந்தத் தாய் அப்போதுதான் மெல்லச் சொன்னார். வியாழக்கிழமை வேலைக்குப் போகாமல் ஒரு நாள் பேரை விட்டுவிட்டுத் தனியாகக் கடைக்குப் போயிருக்கிறார். சாம்பிராணி வாசம் உங்கள் வீட்டு வாசமாக இருக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பாவித்த டிவி புதுப் பெட்டிக்குள் எப்படி வருகிறது? கடையில் மாதக்கணக்கில் ஓடவிட்ட காட்சி செட்டாக இருக்கலாம். யாரோ வாங்கிப் பழுதென்று திருப்பிக் கொடுத்ததாக இருக்கலாம். தவணை கட்ட முடியாத ஒரு வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததாகவும் இருக்கலாம். இந்த மூன்றாவதை நினைத்தால் மனம் கனக்கிறது. அந்தச் சாம்பிராணி இன்னொரு ஏழை வீட்டுச் சாம்பிராணியாகவே இருக்கக் கூடும். இப்படிப்பட்ட செட்டை விற்பது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. பாவித்தது என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்கட்டும். வாங்க ஆள் இருக்கிறது. புதிது என்று சொல்லிப் புது விலை வாங்குவதுதான் பிழை.

2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 54,000 ரூபா என்றால் சரியாக 40 நாள். நாற்பது நாளும் முழுப் பேர் விழுந்து, நிறை குறைந்து அரைப் பேர் போடாமல், சேமலாப நிதி வெட்டாமல், ஒரு கிலோ அரிசி கூட வாங்காமல் இருந்தால் நாற்பது நாள். அப்படி ஒரு மாதம் எந்தத் தோட்டத்திலும் வராது.

நம் நாட்டில் ஜப்பானில் ஓடிய வாகனம் வாங்கும்போது நாம் எவ்வளவு கவனம்! ஏல அறிக்கை கேட்கிறோம், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போகிறோம். டிவிக்குள்ளும் ஒரு மீட்டர் இருப்பது பலருக்குத் தெரியாது. செட் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதைப் பல டிவிகள் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கும். சில எல்ஜி செட்களில் டிவி பற்றிய தகவல் பக்கத்திலேயே அது தெரியும். சோனியின் பழைய பிராவியாக்களில் ரிமோட்டில் சில பட்டன்களை வரிசையாக அழுத்தினால் வரும். பல செட்களில் அது டெக்னீசியன்கள் போகும் சர்வீஸ் மெனுவுக்குள் இருக்கும். அதற்குள் நீங்களாகப் போய்க் கண்டதையும் மாற்றிவிடாதீர்கள், செட்டே படுத்துவிடும். கடை டெக்னீசியனிடம் கேளுங்கள், உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள். சில மணித்தியாலம் காட்டினால் பயப்பட வேண்டாம், தொழிற்சாலையிலேயே ஓடவிட்டுப் பரிசோதிப்பார்கள். ஆனால் கடையில் தினம் 10 மணித்தியாலம் ஓடிய காட்சி செட் 300 நாளில் 3,000 மணித்தியாலம் காட்டும். மலிவான பல செட்களில் இந்த எண் வெளியே தெரியவே தெரியாது. அங்கே நம் கண்ணும் மூக்கும்தான்.

மூக்கு என்று சொன்னது பகிடிக்கு இல்லை. பின்பக்கத்துக் காற்றுத் துவாரங்களில் முகர்ந்து பாருங்கள், டோர்ச் அடித்துப் பாருங்கள். தூசி, கரப்பான் எச்சம், விறகடுப்புப் புகை எல்லாம் அங்கேதான் தங்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவும் வெள்ளமும் நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளைக் காலியாக்கியது என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுச் சாமான் முழுவதையும் திரும்ப வாங்குகிறவர்கள் காய்ந்த சேறோ துருவோ இருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். வயர் செருகும் வாய்களில் கீறல் இருந்தால், சுவரில் மாட்டும் நான்கு துளைகளில் ஆணி ஏறிய தடம் இருந்தால், பிளக் கம்பியில் உரசல் இருந்தால், யாரோ பாவித்திருக்கிறார்கள். ஃபோனில் வெறும் வெள்ளைப் படம் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்த் திரை முழுக்கப் போட்டுப் பாருங்கள். கறுப்புத் திட்டு, மஞ்சள் படை எல்லாம் பாட்டுக் காட்சியில் தெரியாது, வெள்ளையில் தெரியும். யூடியூபைத் திறந்தால் வேறு யாருடைய பெயராவது நிற்கிறதா? இதற்கெல்லாம் மொத்தமாக இருபது நிமிஷம் போதும்.

ஆனால் எங்களுக்குத் தெரிந்தவரை, எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் ஏமாறுகிறவர்களை விட, பார்க்கக் கூச்சப்பட்டு ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். "மொதலாளி என்ன நெனப்பாரு" என்ற கூச்சம். அதிலும் தவணைக்கு வாங்குகிறவர் தான் ஏதோ கடன் கேட்டு வந்தவர் போல ஒடுங்கி நிற்கிறார். தவணைக்காரர் ரொக்கக்காரரை விடக் கூடக் கொடுக்கிறார். அவர்தான் கூடக் கேட்கவும் வேண்டும்.

எங்கள் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. விரலில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். மோசடி செய்கிறவரைப் பற்றிய கடுமையான எச்சரிக்கை அந்த இடத்தில்தான் வருகிறது. ஜும்ஆக்களில் அந்த எச்சரிக்கையை அடிக்கடி கேட்கிறோம். குவியலுக்குள் கை விட்டுப் பார்த்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சரக்கைத் தொட்டுப் பார்ப்பது அவமதிப்பென்றால் அது நடந்திருக்காது. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு ஃபிக்ஹில் 'கியாருல் ஐப்' என்று பெயரே இருக்கிறது. மத்ரஸாவில் படித்ததைக் கடைக் கல்லாவில் மறந்துவிடக் கூடாது.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தெரிந்த ஒரு நானா சொன்னார்: "சேர், சீல் உடைச்ச பெட்டிய அடுத்த ஆள் எடுக்கமாட்டார். கிரிக்கெட் மெட்ச் முடியும் மட்டும் பாத்திட்டு, பிழை எண்டு திருப்பித் தாற ஆக்களும் இருக்கிறாங்க." உண்மைதான். அதற்குத்தான் சொல்கிறோம், பில் போட்ட பிறகு, அந்த ஒரு பெட்டியை மட்டும், கடையிலேயே வாங்குகிறவர் முன்னால் திறந்து போட்டுக் காட்டுங்கள். சீரியல் இலக்கத்தைப் பில்லில் எழுதுங்கள். பிறகு அவர் பொய் சொன்னாலும் உங்களிடம் சாட்சி இருக்கும்.

சட்டமும் சும்மா இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளைப் பற்றிப் பிழையாகச் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977க்கு அழைத்துக் கேட்கலாம், பதுளைக் கச்சேரிக்கும் போகலாம். பில் இல்லாமல் போனால் பேச்சு நீளும், அதனால் பில்லை அரிசி டின்னுக்குள் என்றாலும் பத்திரமாக வையுங்கள். லொறிக்காரர் தாளை நீட்டினால், போட்டுப் பார்த்த பிறகு கையெழுத்து என்று சொல்லுங்கள். அவர் அவசரப்பட்டால், 'பெட்டி திறக்கவில்லை, டிவி பரிசோதிக்கவில்லை' என்று தமிழிலேயே எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, தாளை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயின் செட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை பாடசாலை விட்டு நாங்கள் மூவரும் அவரோடு கடைக்குப் போனோம். "கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்றுதான் தொடங்கினார்கள். சண்டை பிடிக்கவில்லை. வைஃபை பக்கத்தின் வீடியோவையும் இரண்டு சீரியல் இலக்கங்களையும் காட்டினோம். பத்து நிமிஷத்தில் கதிரை வந்தது, தேநீர் வந்தது, வேறு செட் தருவதாகப் பேச்சு வந்தது. வியாழக்கிழமை தனியாக வந்து நின்றவருக்கு அங்கே உட்காரச் சொல்லக்கூட ஆள் இருக்கவில்லை. அதே ஆள், அதே டிவி, அதே குறை. இப்போது அவரோடு சப்பாத்துப் போட்ட மூன்று பேர் இருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தேநீர் எங்களுக்கு இறங்கவில்லை.

இரண்டாவது பெட்டியை அங்கேயே திறக்க வைத்தோம். மொழி கேட்டது. பட்டியலில் தமிழைத் தேடி அவரே அழுத்தினார்.

பதுளை டவுனில் டிவியோ ஃபிரிஜோ வாங்கப் போகும் தோட்டத்துப் பெற்றோர் யாருக்காவது கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்களில் ஒருவராவது வருவோம்.