அழைப்பு ஒருவருக்கு, பயணம் குடும்பத்துக்கு

வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படுகிறவரின் ஜெபவாழ்வைத் துருவி விசாரிக்கிற திருச்சபை, உடன்போகும் மனைவியின் மனநிலையை அவ்வளவாகக் கேட்பதில்லை. மிஷனரி வில்லியம் கேரியின் மனைவி டாரதி முதலில் வர மறுத்தவர். பிறகு வற்புறுத்தலுக்கு இணங்கி, கைக்குழந்தையோடு 1793இல் வங்காளத்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டே மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் பேதலித்த அவர் மனம் 1807இல் இறக்கும்வரை தேறவில்லை. கேரியின் ஊழியத்தில் முதல் வங்காளி ஞானஸ்நானம் பெற்றதோ 1800இன் கடைசியில்தான். அத்தனை ஆண்டு வறட்சியைத் தாங்கக் கேரிக்கு விசுவாசத்தோடு மொழிபெயர்ப்புப் பணியும் இருந்தது. டாரதிக்கு என்ன இருந்தது? அழைத்தவர் பார்த்துக்கொள்வார், புறப்படுமுன் மனநல ஆலோசனை தேடுவது அவிசுவாசம் என்பார்கள் சிலர். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுவேதான். பிள்ளையைப் பறிகொடுக்க எந்த ஆயத்தம் போதும் என்று கேட்டால், போதாதுதான். ஆனால் டாரதியின் முதல் மறுப்பை, கரைக்க வேண்டிய பிடிவாதமாக அல்லாமல், ஒரு பதிலாகவே சபை ஏற்றிருக்கலாம்.