வருது குரோம் 154: ஊட்டி, குன்னூர் ஹோம்ஸ்டே தளங்கள் ரெடியா?

அக்டோபர் என்றால் ஊட்டியில் செகண்ட் சீசன். ஆயுத பூஜை லீவுக்கு குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டேஜ் தேடும் கூட்டம் இப்போதே போனும் கையுமாக இருக்கும். குரோம் பிரவுசரின் 154-ஆம் பதிப்பும் 2026 அக்டோபரில் வரும் என்பது கூகுள் 2025-ல் அறிவித்த திட்டம். மலையில் நாலு அறை வைத்து, சொந்தமாக ஒரு வெப்சைட்டும் வைத்து புக்கிங் வாங்குபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

என்ன மாறப்போகுது?

வெப்சைட்டுகள் இரண்டு வழியில் திறக்கும். எச்டிடிபிஎஸ் என்பது பூட்டிய வழி. எச்டிடிபி என்பது திறந்த வழி. தபால் கார்டு மாதிரி, நடுவில் கையில் எடுப்பவர் படிக்கலாம், அடித்துத் திருத்தவும் செய்யலாம். பொது வைஃபையில் இருந்துகொண்டு அறை புக் செய்கிறீர்கள், பக்கத்தில் இருக்கும் பணம் அனுப்பும் எண்ணை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றால் உங்களுக்கும் தெரியாது, விடுதிக்காரருக்கும் தெரியாது.

154-ஆம் பதிப்பிலிருந்து, பூட்டில்லாத பொதுத் தளத்துக்கு முதல்முறை போகும்போது குரோம் நிறுத்தி, 'போகலாமா?' என்று அனுமதி கேட்கும். இதை 2025 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. 'என்ஹான்ஸ்டு சேஃப் பிரவுசிங்' ஆன் செய்தவர்களுக்கு மட்டும் 147-ஆம் பதிப்பிலேயே தொடங்குவது என்பது திட்டம். குரோமில் திறக்கும் பக்கங்களில் பூட்டியவற்றின் பங்கு 2015-ல் 30 முதல் 45 சதவீதம்தான். 2020 வாக்கில் அது 95 சதவீதத்தைத் தாண்டி, அதோடு நின்றுவிட்டது. மிச்சத்தை அசைக்கத்தான் இந்த எச்சரிக்கை.

ஓனருக்கு மட்டும் தெரியாது

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடிக்கடி போகும் தளத்துக்கு குரோம் திரும்பத் திரும்ப எச்சரிக்காது. தன் வெப்சைட்டைத் தினமும் திறந்து பார்க்கும் ஓனர் ஒருமுறை 'ஓகே' கொடுத்தால் போதும், அதற்கப்புறம் எல்லாமே சரியாக இருப்பதாகத்தான் தோன்றும். பெங்களூரிலிருந்து முதல்முறையாக வரும் வாடிக்கையாளர்தான் எச்சரிக்கையைப் பார்ப்பார். அவர் போன் செய்து 'சார், உங்க சைட்ல என்னமோ வருது' என்று சொல்லப்போவதில்லை. பேசாமல் பேக் பட்டனைத் தட்டி, கமிஷன் எடுக்கும் பெரிய புக்கிங் ஆப்புக்குப் போய்விடுவார். கமிஷன் வேண்டாம் என்றுதானே சொந்த வெப்சைட்டே!

நீலகிரிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. பயணம் போன் ஸ்க்ரீனிலேயே முடிவாகிறது. அரசின் இ-பாஸ் தளம் பூட்டிய தளம்தான். அடுத்து திறக்கும் ஹோம்ஸ்டே பக்கம் எப்படி என்பதுதான் கேள்வி.

பீட்டா எதுக்கு?

குரோம் ஒரே நாளில் எல்லோருக்கும் வந்துவிடாது. கேனரி, டெவ், பீட்டா என்று மூன்று படி தாண்டித்தான் ஸ்டேபிள் பதிப்பு வரும். பீட்டா என்றதும் புது வசதியை முதலில் பார்க்கிற ஆசை என்று நினைக்கிறோம். உண்மையில் அது வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும் நோட்டீஸ். பிளே ஸ்டோரில் 'குரோம் பீட்டா' தனி ஆப்பாகவே கிடைக்கிறது. இருக்கும் குரோமை அழிக்க வேண்டாம்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. குரோம் செட்டிங்ஸில் 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குள் 'ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்‌ஷன்ஸ்' என்று ஒன்று இப்போதே இருக்கிறது. உங்கள் தளத்தை இதுவரை திறக்காத ஒரு போனில் அதை ஆன் செய்து பாருங்கள். எச்சரிக்கை வந்தால், தளத்தை ஹோஸ்ட் செய்யும் நிறுவனத்திடம் சர்டிபிகேட் கேளுங்கள். 'லெட்ஸ் என்கிரிப்ட்' 2015 முதல் இலவசமாகவே கொடுக்கிறது. காசு கேட்டால் ஏன் என்று கேட்கலாம். அட்ரஸை முன்னால் 'டபிள்யு டபிள்யு டபிள்யு' போட்டும் போடாமலும் திறந்து பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் சர்டிபிகேட் வாங்கி மற்றதை விட்டுவிடுவது சகஜம். பழைய விசிட்டிங் கார்டில் எச்டிடிபி என்று அச்சாகியிருந்தால் பரவாயில்லை. குரோம் முதலில் பூட்டிய வழியைத்தான் முயலும்.

எட்ஜ், பிரேவ், நம்ம ஊர் சோஹோவின் உலா எல்லாமே குரோமியம் அடித்தளத்தில் ஓடுபவைதான். ஆனால் இந்த எச்சரிக்கையை எடுப்பதா வேண்டாமா என்பது அந்தந்த நிறுவனத்தின் முடிவு. ஆண்ட்ராய்டு 8, 9 போன்களுக்கு 138-ஆம் பதிப்போடு குரோம் அப்டேட் நின்றுவிட்டதால், அவற்றில் 154 வரவே வராது.

டூரிஸ்ட்டுகளுக்கு ஒரு விஷயம்: எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக அந்த காட்டேஜ் நிஜமாகவே இருக்கிறது என்று அர்த்தமில்லை. போலித் தளத்துக்கும் சர்டிபிகேட் சுலபமாகக் கிடைக்கும். பூட்டுப் படத்தைப் பார்த்து ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள் என்றுதான் 2023-ல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. அட்வான்ஸ் அனுப்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.