ஹெரால்டுக்கு வியர்க்கக் கூடாது!

என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். ஒருத்தியை எனக்குக் கொடுத்தார். இன்னொருத்தியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. குரோம்பேட்டை வீட்டு ஷெட்டில் கண்ணுக்குக் கண்ணாக வைத்துக் காப்பாற்றி வருகிறார். பெயர், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டு கதவு, 948 சிசி, வெளிர் நீலம். பிறந்தது இதோ பக்கத்தில், வண்டலூரில்.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. மற்ற கார்களில் பானெட் என்றால் மூடியை மட்டும் தூக்குவார்கள். இதில் மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் மூக்கு முழுவதுமே முன்பக்கம் கவிழும். மாமனார் முன் சக்கரத்தின் மேல் ஜம்மென்று உட்கார்ந்து, என்ஜினோடு பேசிக்கொண்டே காபி குடிப்பார். நம்மோடு அவ்வளவு பேச மாட்டார்.

தயாரித்த கம்பெனி 1980களின் இறுதியிலேயே கடையைக் கட்டிவிட்டது. ஒரு தகடு உதிர்ந்தால் புதுப்பேட்டையில் சல்லடை போட்டுத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் தட்டித்தான் செய்ய வேண்டும். அதனால்தான் போன வருஷம் கதவுக்குக் கீழே பெயிண்டில் ஒரு சின்னக் கொப்புளத்தைப் பார்த்தபோது மனிதர் ஆடிப்போய்விட்டார். விரலால் லேசாக அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

"மழையிலயே எடுக்கலையே மாப்பிள்ளை, எப்படித் துரு வந்துது?" என்றார்.

இரும்பு துருப்பிடிக்க மழையில் நனைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே போதும், கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப் படலம் தகட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். கடற்காற்றின் உப்பும் கூடச் சேர்ந்தால் கல்யாணச் சாப்பாடுதான். சென்னையில் பெரும்பாலான நாள் காலை வேளையில் 70, 80 சதவீதம் சர்வ சாதாரணம். போதாததற்கு வண்டிக்கு பிளாஸ்டிக் உறை வேறு போட்டிருந்தார். அது வெளி ஈரத்தைத் தடுப்பதை விட உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்தைப் பத்திரமாகப் பூட்டி வைக்கும். காற்று போகிற பருத்தி உறைதான் உத்தமம்.

"ஷெட்டுக்கு ஏ.சி. போட்டுடலாம். நீங்க பி.காம். ஆச்சே, ஒரு எஸ்டிமேட் போடுங்க" என்றார்.

ஹாலில் இருபது வருஷத்து மின்விசிறிக்குக் கீழே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வெண்டைக்காய் மட்டும் கொஞ்சம் வேகமாக நறுக்கப்பட்டது.

நான் கணக்குப் போட்டேன். தொழிலுக்கு வைத்திருக்கும் காருக்கு வருமான வரிச் சட்டப்படி வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் 15 சதவீதம் தேய்மானம். 15,000 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொண்டாலும் 55 வருஷம் கழித்து ஹெரால்டின் மதிப்பு ஒரு ரூபாய் 97 காசு. "இதுக்கு நாற்பதாயிரத்துல ஏ.சி.யா மாமா?" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஏ.சி.யிலிருந்து அவரைக் காப்பாற்றியது ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்த மெக்கானிக். "சார், ஏ.சி. ரூம்லேர்ந்து வெளிய வந்தா உங்க மூக்குக் கண்ணாடி என்ன ஆகுது?" என்று கேட்டார். "மூடிக்கும்." "உங்க காருக்கும் அதான் ஆகும். ஜில்லுனு இருக்கற தகட்டுல வெளிக்காத்து பட்டா வேர்த்து ஊத்தும். உங்களுக்குக் குளிர் வேண்டாம் சார். உலர்ந்த காத்துதான் வேணும்."

வந்து இறங்கியது டீஹ்யூமிடிஃபையர். முப்பத்திரண்டாயிரம். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். காற்றை ஒரு குளிர்ந்த சுருளின் மேல் இழுத்து, ஈரத்தை நீராக்கி வாளியில் சொட்ட வைத்துவிட்டு, காற்றைக் கொஞ்சம் சூடாகவே திருப்பித் தரும். 300 வாட், தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாசத்தில் 180 யூனிட். குறி, 50 சதவீதம். அதற்கும் ரொம்பக் கீழே போனால் லெதரும் ரப்பரும் வறண்டு வெடிக்க ஆரம்பிக்கும். கார் என்பது அப்பளம் இல்லை.

பிறகு மாமனார் ஷெட்டை ஒழுங்கு செய்ய ஆரம்பித்தார். ரிடையரான மனிதர்கள் ஒழுங்கு செய்ய ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கக் கூடாது, நம்மையும் ஏதாவது ஆணியில் மாட்டிவிடுவார்கள். சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பானரையும் அதன் மேல் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து, உருவத்தைக் கறுப்புப் பெயிண்டில் எழுதினார். அரை இஞ்ச், ஏழு பை பதினாறு இஞ்ச்... எல்லாம் இஞ்ச் கணக்கு, சீமை வண்டி வம்சம் அல்லவா! எதையாவது எடுத்துத் திருப்பி மாட்டாவிட்டால் அந்த இடத்தில் ஆவி மாதிரி கறுப்பு உருவம் மட்டும் முறைக்கும். ஜாக்கி போன்ற கனமான சாமான் கீழே, லேசானது மேலே. தின்னர் டப்பா பாட்டரி சார்ஜரிலிருந்து வெகு தூரத்தில். எலிக்கு வலை. இதெல்லாம் மெச்சத்தக்க காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

அடுத்து செய்ததுதான் வம்பு. ஈரக்காற்று நுழையக் கூடாதென்று ஷட்டருக்கு அடியில் ரப்பர் பட்டை, வென்டிலேட்டரில் தெர்மோகோல், விளிம்பெல்லாம் டேப். ஷெட் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு வாரம் முள் ஐம்பதில் நின்றது. ஐப்பசி பிறந்தது. முள் எழுபதுக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. வாளி தினமும் நிரம்பி வழிந்தது. மெஷின் வாங்கின கடைக்குப் போய் சண்டை போட்டுவிட்டு வந்தார். தரையிலிருந்து ஈரம் ஏறுகிறதோ என்று சந்தேகம். அதைக் கண்டுபிடிக்கச் சுலப வழி ஒன்று உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடியில் முத்து முத்தாக நீர் இருந்தால் தரை குற்றவாளி. பிரித்தோம். தரை நிரபராதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். வாரா வாரம் வண்டியை நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓடவிடுவது மாமனார் வழக்கம். ஷட்டரைத் திறந்தால் ஈரம் வந்துவிடுமே! மூடியபடியே ஸ்டார்ட் செய்தார். எனக்கு நெற்றிப்பொட்டில் விண்விண் என்றது. கார்புரேட்டரைப் பற்றி மாமா பேசுவதால் வழக்கமாக வருகிற தலைவலிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது வண்டிக்குப் பின்பக்கம் ஏதோ சத்தம். போய்ப் பார்த்தால் அத்தை. சுவருக்குச் சுவர் கொடி கட்டி ஈரத்துணி காயப்போட்டிருக்கிறாள். வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு ஒரு கதவு இருப்பதை நாங்கள் இருவரும் மறந்தே போயிருந்தோம். அடைமழையில் துணி வேறெங்கே காயும்? ஒரு பக்கெட் துணி, நன்றாகப் பிழிந்தாலும், இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். அத்தனையையும் மெஷின்தான் குடித்துக்கொண்டிருந்தது. மர்மம் தீர்ந்தது என்று சிரிக்க வாயெடுத்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "தலை சுத்தறது... கால் துவள்றது" என்றாள்.

எப்படி ஷட்டரைத் தூக்கினேன் என்று இன்று வரை தெரியாது. மாமனார் என்ஜினை அணைக்க, இருவருமாகத் தாங்கிப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். மாமனார் ஓடிப்போய், கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை எடுத்து வந்து அத்தை விரலில் மாட்டினார். 98 காட்டியது. "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியா இருக்கு" என்றார். குரல் சரியாக இல்லை.

டாக்டர் அந்த 98ஐக் கேட்டதும் கோபித்துக்கொண்டார். கார் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் ஆசையாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டுகிற அந்த கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் தெரியாமல் 98 என்று சொல்லிவிடும். பழைய கார்புரேட்டர் வண்டியின் புகையில் இது தாராளம். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்துச் சாயங்காலம் அனுப்பினார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் மாமனார் ஸ்டூல் போட்டு ஏறி, தெர்மோகோலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வென்டிலேட்டரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது. ஷட்டர் முழுக்கத் திறக்காமல் சாவியைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சடங்கும் நின்றது. அதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கும். நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஓட்டினால் சைலன்சர் சூடேறாமல் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி அரிக்கும். அதாவது, துருவைத் தடுக்க முப்பத்திரண்டாயிரம் செலவழித்துவிட்டு, வாரா வாரம் காருக்குள்ளேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓட்டினால் அரை மணியாவது ரோட்டில் ஓட்ட வேண்டும்.

துணி விஷயத்தில் சமரசம் ஏற்பட்டது. செவ்வாய், வெள்ளி கொடி அத்தைக்கு. மற்ற நாள் காற்று ஹெரால்டுக்கு. வாளித் தண்ணீரை பாட்டரிக்கு ஊற்றலாமே என்று மாமனார் கேட்டார். தூசியும் உலோகமும் கலந்தது, பாட்டரி வீணாகிவிடும் என்று தடுத்தேன். இப்போது அது துளசி மாடத்துக்குப் போகிறது.

ஹாலுக்கு ஏ.சி. வந்துவிட்டது. எஸ்டிமேட் கேட்கவில்லை.

போன ஞாயிறு ஷட்டரைத் திறந்து, வண்டலூர் வரை ஒரு ஓட்டம் போய் வந்தார்கள். அத்தை முன் சீட்டில். திரும்பியதும் மூக்கைக் கவிழ்த்துவிட்டு மாமனார் பலகைப் பக்கம் கை நீட்டினார். அரை இஞ்ச் ஸ்பானரின் கறுப்பு உருவத்தின் மேல் அப்பளம் எடுக்கிற இடுக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்பானர் எங்க?"

"கொடி தொங்கிப் போச்சு. அதை வச்சுத்தான் முறுக்கிக் கட்டியிருக்கேன். எடுத்துடாதீங்க, இன்னும் புடவை காயலை."