இன்ஜின் இல்லாத வீட்டை நகர்த்த ஒரு ரிமோட்

சினிமா செய்தி படிப்பவர்களுக்கு கேரவன் என்றால் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏ.சி. பஸ்தான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. அங்கே கேரவன் என்பது இன்ஜின் இல்லாத ஒரு குட்டி வீடு. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளே இருக்கும். அதைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். 1907-ம் ஆண்டிலேயே இதற்கென்று ஒரு கிளப் தொடங்கிய நாடு அது. ரிட்டயர் ஆன தம்பதிகள் பலருக்கு இன்றும் கோடைக்காலம் என்றாலே கேரவன்தான்.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுத்து வருவது பெரிய விஷயமில்லை. வீட்டு வாசலில் இருக்கும் கடைசிப் பத்து மீட்டர்தான் பாடாய்ப் படுத்தும். தெரு குறுகல், கேட் அதைவிடக் குறுகல், உள்ளே ஏற்றம். காரை ரிவர்ஸ் எடுத்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்ப, கேரவன் எதிர்ப் பக்கம் திரும்பும். சரி, காரைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளலாம் என்றால், வண்டியின் எடை 1,300 கிலோ, 1,400 கிலோ. தேரை நிலைக்குக் கொண்டுவருகிற கதைதான். ஆனால், வடம் பிடிக்க ஊரே திரண்டு வராது. அறுபத்தெட்டு வயதுக் கணவர் தள்ளுவார், முதுகு பிடித்துக்கொள்ளும். மனைவி சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஓடுவார். சரிவில் வண்டி பின்னால் நழுவினால், இருவரில் ஒருவர் அதற்குக் கீழே இருப்பார்.

இதற்குத்தான் மோட்டார் மூவர். தமிழில் படித்தால் மூன்று பேர் என்று அர்த்தம் வரும். மூன்று பேர் வேலையைத்தான் அது செய்கிறது! கேரவனின் அடியில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு மோட்டாரும் ஓர் உலோக ரோலரும் இருக்கும். ரோலர் டயரை அழுத்திப் பிடித்துச் சுழலும், டயர் எதிர்த்திசையில் உருளும். இரண்டு மோட்டார்களும் எதிரெதிராக ஓடினால், இரண்டு சக்கர கேரவன் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். வேகம் ஆமை வேகம்தான், நிமிடத்துக்குப் பத்து மீட்டருக்கு முன்னே பின்னே. கையில் ரிமோட்டோடு பக்கத்தில் நடந்து வந்தால் போதும்.

விலை சில நூறு பவுண்டுகளில் ஆரம்பித்து 2,000 பவுண்டையும் தாண்டும். கடைக்குப் போனால் எல்லா அட்டையிலும் பெரிய எழுத்தில் ஒரு எடை போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் சமதளத்தில் நகர்த்தக்கூடிய எடை. சமதளத்தில் இருப்பவருக்கு இந்தக் கவலையே பாதிதான். பார்க்க வேண்டியது, சரிவில் எவ்வளவு எடை இழுக்கும் என்று சின்ன எழுத்தில் இருப்பதை. அதற்கு முன்னால் சொந்த வாசலின் சரிவு தெரிந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் பலகையைத் தரையில் வைத்து, தாழ்ந்த முனையை மட்டமாக வரும்வரை தூக்கி, தரைக்கும் பலகைக்கும் இடைவெளியை அளந்தால் போதும். 15 சென்டிமீட்டர் என்றால் 15 சதவிகிதச் சரிவு. செல்போனில் மட்டம் பார்க்கும் ஆப் டிகிரியில் காட்டும். 14 டிகிரி என்பது ஏறக்குறைய 25 சதவிகிதம், நாலடிக்கு ஓரடி ஏற்றம். நின்று பார்த்தால் சாதாரணமாகத் தெரியும், தள்ளிப் பார்த்தால்தான் புரியும்.

கேரவனின் வெற்று எடையை வைத்துக் கணக்குப் போடுவது இன்னொரு தவறு. ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போதுதானே வாசல் ஏற்றத்தில் ஏற வேண்டும்? அப்போது உள்ளே பாத்திரம், துணிமணி, நாற்காலி எல்லாம் இருக்கும். எனவே, அனுமதிக்கப்பட்ட முழு எடைக்குத்தான் மூவர் பார்க்க வேண்டும். வாசலில் கனமான ஜல்லி கொட்டியிருந்தாலும், நடைபாதை விளிம்பு உயர்ந்திருந்தாலும் மோட்டார் இன்னும் திணறும். விளிம்பு ஏற ஒரு சாய்வுக் கட்டை வைத்துவிட்டால் பாதிப் பிரச்னை தீரும். அதற்காகப் பெரிய மாடல் வாங்குவது வீண் செலவு.

மூவருக்கும் எடை உண்டு. இரண்டு மோட்டார் உள்ளது சுமார் 30 கிலோ, அதற்கு மேலும் போகலாம். கேரவனில் 150 கிலோ சாமான்தான் ஏற்றலாம் என்று வைத்துக்கொண்டால், அதில் ஐந்தில் ஒரு பங்கு வண்டிக்கு அடியிலேயே போய்விடுகிறது. அனுமதித்த எடையைத் தாண்டி ரோட்டில் இழுத்துப் போவது அங்கே குற்றம். நான்கு சக்கர கேரவன்காரர்களுக்கு இன்னும் சங்கடம். இரண்டு மோட்டார் போட்டால் செலவு குறையும், ஆனால் குறுகிய இடத்தில் திருப்புவது கஷ்டம். நான்கு போட்டால் நன்றாகத் திரும்பும், எடையும் பில்லும் ஏறும்.

பேட்டரி 12 வோல்ட். ஏற்றத்தில் மோட்டார்கள் 100 ஆம்பியருக்கு மேலும் உறிஞ்சும். நல்லவேளை, வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் நல்ல பேட்டரி தீர்ந்துபோகாது. பழைய பேட்டரியில்தான் வம்பு. உள்ளே விளக்கு பளிச்சென்று எரியும், மூவரை அழுத்தினால் வோல்டேஜ் விழுந்து பாதி வழியில் நின்றுவிடும். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள், அவ்வளவு கரன்ட்டை ஒரே நேரத்தில் கொடுக்க அது அனுமதிக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது.

கடைக்காரர் கேட்கும் கேள்வி, “மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?” ரோலரை டயரோடு ஒட்டவைப்பது கைக்கம்பியாலா, பட்டனாலா என்பதுதான் வித்தியாசம். மேனுவல் மலிவு, எடையும் கொஞ்சம் குறைவு. கணவர்கள் பலர் “இதென்ன பெரிய வேலை, நான் சுற்றிக்கொள்கிறேன்” என்பார்கள். இன்று சரி. ஆனால், மழையில் நனைந்த சிமென்ட் தரையில் மண்டியிட்டு, வண்டிக்கு அடியில் கம்பியை நுழைத்துச் சுற்ற வேண்டும். மூவர் பல வருடம் உழைக்கும் சாமான், முழங்கால் அப்படியில்லை. கணவருக்கு ஆபரேஷன் ஆன வருடமோ, மனைவி தனியாகப் போக வேண்டிய வருடமோ வந்தால், அந்தக் கம்பியால்தான் கேரவன் விற்பனைக்குப் போகும். ஆகவே, இருவரில் யாருக்கு உடம்பு முடியவில்லையோ, அவர் கையால் சோதித்துப் பார்த்து வாங்குவதே முறை. கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் அந்த வண்டியில் வேறெதுவும் இல்லை.

பொருத்தும் வேலையைப் பழகிய ஆளிடம் விடலாம். கேரவனின் அடிச்சட்டத்தில் இஷ்டத்துக்கு ஓட்டை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது, கிளாம்ப் வைத்துத்தான் முடுக்க வேண்டும். ரோலர் விலகி நிற்கும்போது டயருக்கும் அதற்கும் இடைவெளி பொதுவாக 20 மில்லிமீட்டர். டயர் தேயத் தேய அது கூடும், காற்று குறைந்தால் பிடி வழுக்கும். புது டயர் போட்டதும் மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும்.

பொருத்திய அன்றே இருவரும் பழக வேண்டியது ஒரு வரிசை. நகர்த்தும்போது கேரவனின் ஹேண்ட் பிரேக் விடுபட்டிருக்கும், ரோலர்தான் வண்டியைப் பிடித்திருக்கும். இடத்துக்கு வந்ததும் முதலில் ஹேண்ட் பிரேக், அதன் பிறகே ரோலரை விடுவிப்பது. மாற்றிச் செய்தால் 1,400 கிலோ வீடு சரிவில் தானே இறங்கிவிடும். காரோடு மாட்டிக் கிளம்பும்போதும் ரோலர் இரண்டு பக்கமும் விலகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட வேண்டும், ஒட்டியபடியே ரோட்டில் இழுத்தால் டயரும் மோட்டாரும் சேர்ந்தே போகும். வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்து, ரிமோட்டைப் பேரக்குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறார்கள். டி.வி. ரிமோட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.