மூடும் முன் சேரியைக் கேளுங்கள்

காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் ஊருக்குள் வருகிறது. பிள்ளைகள் ஏறிக்கொள்கிறார்கள். கோவிலை ஒட்டிய ஆர்.சி. பள்ளிக்கு நடந்து போகிறவர்கள் நாலைந்து பேர்தான். பல கிராமங்களில் இதுதான் இன்றைய நிலை.

ஊர்ப் பள்ளிக்குள் நம்மை விடாத காலத்தில், சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவற்றில் மிஷன் பள்ளிகளுக்குப் பெரும் பங்குண்டு. அங்கும் சாதி இருந்தது. ஆனாலும் படிப்பு கிடைத்தது. அந்தப் பள்ளிகள்தான் இன்று மூடும் நிலைக்கு வந்திருக்கின்றன.

பிறப்பு குறைந்ததும் ஆங்கில வழி ஆசையும் காரணங்கள்தான். ஆனால் அவை மட்டுமல்ல. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகிறது. ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்க்கிறார். அதைக் கண்டு இன்னும் நாலு வீடு வேனுக்கு மாறுகிறது.

அரசுக்கும் இதில் பங்குண்டு. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே. ஆறு முதல் எட்டு வரை உதவிபெறும் பள்ளியில் படித்த கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அது இல்லை. காலை உணவுகூட ஊரக உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் வந்தது. தலித் கிறித்தவப் பிள்ளைக்கோ, 1950ஆம் ஆண்டு ஆணையால் பட்டியல் சாதி ஒதுக்கீடும் கிடையாது.

திருச்சபையின் பொறுப்பு என்ன? கிராமத்தில் பள்ளி தேயும்போது, நகரத்தில் கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளிகளைத் திருச்சபை நடத்துகிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 25 சதவீத இலவச இடம் கட்டாயமில்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் மனசாட்சி கேட்க வேண்டாமா? தலித் மக்கள் மேம்பாட்டுக்கென 2016இல் இந்திய ஆயர் பேரவையே கொள்கை வெளியிட்டிருக்கிறதே!

நாம் கேட்பது நான்குதான். மூடும் முடிவுக்கு முன் பெற்றோர் கூட்டம் நடத்துங்கள். மூடியே தீர வேண்டுமென்றால், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மறைமாவட்டத்தின் நகரப் பள்ளிகளில் கட்டணமில்லா இடமும் வேன் வசதியும் கொடுங்கள். பள்ளி நிலத்தை விற்காமல் அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கே வையுங்கள். அரசு 7.5 சதவீத ஒதுக்கீட்டைக் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கட்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்துக்குப் போங்கள். நம் பள்ளியில் இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று எழுந்து கேளுங்கள். பூட்டு விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.