ஊசியின் கூலி

தை பிறந்துவிட்டால் பதுளைக் கடைவீதியின் புடவைக் கடைக்காரருக்கு மட்டுமன்று, மலைமேல் தோட்டங்களில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்களுக்கும் உறக்கம் குறைந்துவிடுகின்றது. பசறையிலும் லுணுகலையிலும் ஹாலி-எலவிலும் முகூர்த்த நாட்கள் நெருங்க நெருங்க, கூறைக்கேற்ற இரவிக்கை, தோழியர்க்குப் பாவாடை தாவணி, கிறிஸ்தவ மணமகளுக்கு வெண்ணிற உடை என்று வேலை குவிகின்றது. என்னிடம் பயின்ற மாணவியொருத்தி இத்தொழிலைச் செய்கின்றாள். "ஒரு சட்டைக்கு என்ன கூலி வாங்குகிறாய்?" என்று கேட்டேன். "எல்லாம் தெரிந்த ஆட்கள்தானே சேர், பார்த்துக் கொடுக்கிறதை வாங்குவேன்" என்றாள். அந்த விடையே என்னை இதனை எழுதத் தூண்டியது.

தையலை நம் சமூகம், பெண்ணொருத்தி கல்யாணம் வரையில் பொழுது போக்கும் கைவேலையாகவே கருதி வந்துள்ளது. 1978இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயமும், 1992இல் வந்த இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும் அதனைச் சம்பளத் தொழிலாக்கின. ஆயினும், தொழிற்சாலையில் நாள் முழுதும் கழுத்துப்பட்டி மட்டுமே பொருத்தும் பெண், ஊர் திரும்பும்போது ஒரு முழுச் சட்டையை வெட்டத் தெரியாதவளாகவே திரும்பக்கூடும். மணப்பெண்ணின் அளவை எடுத்து, துணியை வெட்டி, உட்துணி வைத்துத் தைத்து, ஆரி ஊசியால் மணியும் சரிகையும் பதிப்பவளோ ஆடை முழுவதையும் அறிந்தவள். அவ்வறிவுக்கு விலை என்ன?

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். தேயிலைத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வேலைப்பாடுள்ள இரவிக்கை ஒன்றுக்கு நான்கு நாட்கள் என்று கொண்டால், அந்தப் பழைய விகிதப்படியே 5400 ரூபாய் ஆகின்றது. கொழுந்து பறிப்பவளுக்குத் தோட்டம் ஊழியர் சேமலாப நிதியில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் சேர்க்கின்றது. தையற்காரிக்குச் சேர்ப்பார் எவருமில்லை. அந்த 648 ரூபாயையும் அவளே கூட்டிக்கொள்ளல் வேண்டும். நூலும் மணியும் மின்சாரமும் வேறு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமில்லை என்பதையும் மறத்தலாகாது. இதற்குக் குறைவாக வாங்குபவள், தன் தாயின் கூலியிலும் தாழ்ந்த கூலிக்கே கண்ணைக் கெடுத்துக்கொள்கின்றாள்.

"கேட்டால் கொடுப்பது யார்?" என்ற வினா எழுவது நியாயமே. மணப்பெண்ணின் தாயும் கொழுந்து பறிப்பவள்தான். அவளுக்கு அது நான்கு நாட் கூலிக்கும் மேலான செலவு. இங்கேதான் உண்மையான முடிச்சு இருக்கின்றது. கொழுந்தின் கூலி உயராத மலையில் ஊசியின் கூலியும் உயராது. இரண்டும் ஒரே அடுப்பில் வேகும் பானைகள். ஆகவே, தோட்டப் பெண்களுக்குச் சுயதொழில் கற்பித்துவிட்டால் சம்பளப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று மேடைகளில் கூறப்படுவதை நான் ஏற்பதற்கில்லை.

முதல் தேடவும் வழி குறுகியதே. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். உறுதிப்பத்திரமின்றி அதனை ஈடு வைத்துக் கடன் பெறல் இயலாது. இயற்கையும் விடுவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து உயிர்களும் வீடுகளும் வீதிகளும் அழிந்தன. அத்தகைய நாட்களில் கல்யாணங்கள் தள்ளிப்போகும். முற்பணம் வாங்காது துணி வெட்டியவளுக்கு நட்டமே மிஞ்சும்.

எனவே ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தையல் வகுப்பில் அளவு நாடாவோடு கணக்குக் கொப்பியையும் பிள்ளைகள் கையிற் கொடுப்போம். எத்தனை நாள், எவ்வளவு செலவு, எவ்வளவு முற்பணம் என்று எழுதப் பழக்குவோம். ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் குறைத்துத் தரட்டும். ஆனால் எவ்வளவு குறைத்தாள் என்பதை அறிந்து குறைக்கட்டும். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறவும் அவளை வழிப்படுத்துவோம்.

என் மாணவியிடம் இவற்றைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தாள். "அப்படிப் பார்த்தால் நான் போன தை மாதம் முழுக்கச் சும்மாதான் தைத்திருக்கிறேன், சேர்" என்றாள்.